‘ஏதாவது சந்தேகம் இருக்கா?’ என்றதும் வகுப்பு ஏன் அமைதியாகிவிடுகிறது?

பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் கேட்பார், “ஏதாவது சந்தேகம் இருக்கா?” ஒரு கைகூட உயராது. சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள், முதல் பெஞ்சிலிருந்து யாராவது “இல்ல மிஸ்” என்று எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளைகள் மணி அடித்து வெளியே போனதும் சுவரோரம் ஊர்கிற பூரானைச் சுற்றி நின்றுகொண்டு, இதுக்கு எத்தனை கால், பின்னாடி நடக்குமா, ஒரு கால் போனா என்ன ஆகும் என்று கேட்டுத் தள்ளுவார்கள். பத்து நிமிடத்துக்கு முன்னால் அந்தக் கேள்விகள் எல்லாம் எங்கே போயிருந்தன?

1994-ல் ஆர்தர் கிரேசர், நடாலி பெர்சன் என்ற இருவர் மாணவர்கள் கேட்கிற கேள்விகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வகுப்பறையில் ஒரு மாணவர் மணிக்குச் சராசரியாக 0.11 கேள்வி கேட்கிறார், அதாவது ஒன்பது மணி நேரத்துக்கு ஒன்று. ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தரும் தனிப்பயிற்சியிலோ மணிக்கு 26.5. வகுப்பில் இருக்கிற நேரத்தைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறார்களே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் முப்பது பேர் இருக்கும் வகுப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் மணிக்கு மூன்று சொச்சம்தான் வருகிறது. கேட்கத் தெரியாத பிள்ளைகள் இல்லை, கேள்வி பிறக்கிற சூழல்தான் அமையவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இலக்கண வகுப்பில் வினா ஆறு வகை என்று படித்திருப்போம். அதில் முதல் இரண்டு அறிவினா, அறியா வினா. பதில் தெரிந்தவர் கேட்பது அறிவினா, தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. வகுப்பறையில் நாள் முழுக்க ஒலிப்பது பெரும்பாலும் அறிவினாதான். ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், சரி தப்பு சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். அறியா வினாவுக்கு வேறு மாதிரியான இடம் வேண்டும்.

முதலில் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆர்வம் என்பது தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை உணர்வதில் இருந்து வருகிறது என்று 1994-ல் ஜார்ஜ் லோவென்ஸ்டீன் என்ற ஆய்வாளர் எழுதினார். பல்லிடுக்கில் நார் சிக்கினால் நாக்கு அங்கேயே போய்ப் போய்த் துழாவுமே, அப்படி. இதில் முக்கியமான விஷயம், ஒன்றுமே தெரியாத இடத்தில் அந்த உறுத்தல் வராது. பல்லே இல்லாத இடத்தில் நார் எங்கே சிக்கும்? 2009-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தபோதும் இதுதான் தெரிந்தது. பதில் நிச்சயமாகத் தெரியும் என்றவர்களுக்கும் ஆர்வம் குறைவு, சுத்தமாகத் தெரியாது என்றவர்களுக்கும் குறைவு. அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அது உச்சத்தில் இருந்தது.

புதுப் பாடத்தை நடத்திவிட்டு உடனே “சந்தேகம் இருக்கா” என்றால் ஏன் பதில் வருவதில்லை என்பது இப்போது புரியும். எது புரியவில்லை என்று தெரிவதற்கே கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஜிப் எப்படி வேலை செய்கிறது என்று யாரையாவது கேளுங்கள், தெரியுமே என்பார்கள். ஒரு தாளைக் கொடுத்துப் படிப்படியாக எழுதச் சொன்னால் இரண்டாவது வரியில் பேனா நின்றுவிடும். ரோசன்பிளிட், கெய்ல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-ல் இதைக் காட்டினார்கள்: விளக்கி எழுதிய பிறகு, தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்ற மதிப்பீட்டை மக்கள் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். அதனால் “புரிஞ்சுதா?” என்பதைவிட “இதைப் பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லிப் பாருங்க” என்பது பல மடங்கு பலன் தரும். சொல்லும்போதுதான் ஓட்டை தெரியும், ஓட்டை தெரிந்தால் கேள்வி வரும்.

அந்த உறுத்தல் வந்துவிட்டால் மூளை நடந்துகொள்கிற விதமே மாறுகிறது. 2014-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவருக்கு ஒரு கேள்வி காட்டப்படும், பதிலுக்கு 14 விநாடி காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் நடுவே சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடைய முகம் வந்து போகும். ஆர்வத்தைத் தூண்டிய கேள்வியின் பதில் நன்றாக நினைவில் நின்றது, அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் காத்திருப்பில் வந்துபோன முகங்களும் கூடுதலாக நினைவில் நின்றன! டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த நடுமூளைப் பகுதியும், நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸும் அந்தக் காத்திருப்பு நேரத்திலேயே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. நல்ல கேள்வி ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டால் அதைச் சுற்றி வருவதும் சேர்ந்தே பதிகிறது என்று அர்த்தம். பாடத்தை முடிக்க நேரம் இல்லையே, கேள்விக்கு எங்கே போவது என்று கவலைப்படும் ஆசிரியர்களுக்கு (அந்தக் கவலை நிஜமானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்) இந்த ஆய்வைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அப்புறம், நேரம் என்பதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். சுமார் ஒரு விநாடி! அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்தவரிடம் போய்விடுவார், அல்லது தானே சொல்லிவிடுவார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, “தெரியாது” குறைந்தது, வழக்கமாக வாயே திறக்காதவர்கள் பேசினார்கள், மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் கூடின. கேள்விக்குப் பிறகு மட்டுமல்ல, மாணவர் பதில் சொன்ன பிறகும் அதே மூன்று விநாடி காத்திருக்க வேண்டும் என்கிறார் ரோ. இந்த இரண்டாவதைத்தான் நாம் அநேகமாகச் செய்வதே இல்லை. பதில் வந்ததும் “வெரி குட்” என்று சொல்லிவிடுகிறோம், பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

முழுமையாகச் சொல்லித்தருவதும் சில நேரம் கதவைச் சாத்திவிடும். 2011-ல் எலிசபெத் போனவிட்ஸ் குழுவினர் சின்னக் குழந்தைகளிடம் பல குழாய்கள் கொண்ட ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் கீச்சென்று சத்தம் வரும், விளக்கு எரியும், இசை வரும், ஒரு குழாய்க்குள் கண்ணாடி ஒளிந்திருக்கும். “இது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறேன் பார்” என்று கீச்சுச் சத்தத்தை மட்டும் காட்டினால், குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்றதை அதிகம் தேடவில்லை. டீச்சர் காட்டியது இவ்வளவுதான், அப்போது பொம்மையும் இவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். அதையே காட்டிவிட்டு, வேலை இருக்கிறது என்று பாதியில் எழுந்து போனபோது அதிகம் தேடினார்கள். இதை வைத்துச் சொல்லித்தராமலே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். எங்கே நிறுத்துவது என்பதுதான் கைப்பக்குவம்.

ஒன்றைச் செய்து காட்டுகிறேன். கண்ணாடி டம்ளரில் பனிக்கட்டிகளைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். கட்டி மிதந்துகொண்டு விளிம்புக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். உருகினால் வழியுமா? வாயால் சொல்ல விடாதீர்கள், எல்லோரும் நோட்டில் எழுதட்டும், ஏன் என்றும் ஒரு வரி. எழுதியவருக்குத்தான் பதிலில் பங்கு இருக்கும். அது உருகும்வரை பாடத்தை நடத்துங்கள், கண்கள் மேசைக்கும் பலகைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்த்து, அடியில் ஒரு வளையமாக ஈரம் சேரும். “வழியுது மிஸ்!” என்று ஒருவர் கத்துவார், “இல்ல, மேல அப்படியேதான் இருக்கு” என்பார் இன்னொருவர், அப்படியானால் வெளியே இருக்கிற தண்ணீர் எங்கிருந்து வந்தது? பாடத்திட்டத்தில் வேறு அத்தியாயத்தில் இருக்கிற கேள்வி, தானாக நடந்து வந்து நிற்கும். மூன்று விநாடி சும்மா இருங்கள்.

கடைசியில் வழியாது. மிதக்கிற பனிக்கட்டி தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறது, உருகியதும் அதே அளவு தண்ணீராகி அந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது. இதைச் சொன்னதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வர நல்ல வாய்ப்பு உண்டு: “அப்ப துருவத்துல பனி உருகினா கடல் மட்டம் ஏன் உயரும்னு சொல்றாங்க?” இது அறியா வினா. மிதக்கிற பனி வேறு, நிலத்தின் மேல் கிடக்கிற பனி வேறு என்பதை ஒரு கல்லின் மேல் கட்டியை வைத்து அங்கேயே காட்டிவிடலாம். அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆனால் யாராவது “கடல் தண்ணி உப்பாச்சே?” என்று கேட்டுவிட்டால், நேரம் இல்லாவிட்டாலும் பலகையின் ஓரத்தில் அந்தக் கேள்வியை, கேட்டவர் பெயரோடு எழுதி வையுங்கள், யாரும் அழிக்கக் கூடாது. உடனே பதில் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, “எனக்கும் சரியா தெரியல, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று கேட்கலாம். மறுநாள் அந்த மாணவரே உப்புக் கரைத்த தண்ணீரை ஒடுக்கமான ஒரு பாத்திரத்தில் எடுத்து, பனிக்கட்டி மிதக்கும்போது நீர்மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். இந்த முறை மட்டம் அந்தக் கோட்டில் நிற்காது.