ரெஸ்டைப் எழுதாமல் சி லைப்ரரியைக் கூப்பிடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ராணிப்பேட்டை பக்கம் ஒரு டேனரியிலிருந்து போன். "அண்ணா, ப்ரோக்ராம் எரரே காட்டாம மூடிக்குது, ட்ரை-எக்ஸெப்ட் எல்லாம் போட்டுதான்ணா வெச்சிருக்கேன்." காட்பாடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அதே கதை. தோலின் பரப்பை அளக்கும் மெஷின், மெஷின்காரர் கொடுத்த ஒரு சி லைப்ரரி, அதைப் பைத்தானிலிருந்து சிடைப்ஸ் (சி லைப்ரரியைக் கூப்பிடப் பைத்தானோடு வரும் மாட்யூல்) வழியாகக் கூப்பிடும் நாற்பது வரி. பழைய 32-பிட் கம்ப்யூட்டரில் நான்கு வருஷம் ஓடியிருக்கிறது. புதிதாக 64-பிட் உபுண்டு கம்ப்யூட்டர் வாங்கி, லைப்ரரியின் 64-பிட் ஃபைலையும் கேட்டு வாங்கிப் போட்டதும் மெஷினைத் திறக்கும்போதே விழுகிறது. அளக்க வேண்டிய தோல் மேசைமேல் குவிந்து கிடக்கிறது, வாசலில் லாரி நிற்கிறது. சதுர அடி தெரியாமல் பில் போட முடியாது.

"லைப்ரரிக்குள்ளயே எல்லாம் இருக்கும், பைத்தான் பாத்துக்கும்ணா" என்றார் அந்தத் தம்பி. எத்தனை பேர் வாயில் இதைக் கேட்பது! பைத்தான் பார்த்துக்கொள்ளாது. கம்பைல் ஆன சி லைப்ரரியிலிருந்து அதற்குக் கிடைப்பது ஃபங்ஷனின் பெயரும் அது இருக்கும் இடமும்தான். எத்தனை மதிப்பு கொடுக்க வேண்டும், திரும்பி வருவது இண்ட்டா (முழு எண்), டபுளா (தசம எண்), பாயிண்டரா (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) என்பதெல்லாம் ஹெடர் ஃபைலில் எழுதியிருந்தது, கம்பைலர் படித்தது, அத்தோடு சரி. சிடைப்ஸ் அந்த ஹெடரைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. திரும்பி வரும் மதிப்பு என்ன வகை என்பதை, அதாவது ரெஸ்டைப்பை, நீங்கள் சொல்லாவிட்டால் எந்த ஃபங்ஷனும் இண்ட்தான் தருகிறது என்று எடுத்துக்கொள்ளும். இண்ட் 32 பிட். 64-பிட் கம்ப்யூட்டரில் பாயிண்டர் 64 பிட். மேல்பாதி வெட்டுப்பட்டுவிடும்.

632001 என்று பின்கோடு எழுதினால் கடிதம் வேலூருக்கு வரும். முன்னால் இருக்கும் 632-ஐ வெட்டிவிட்டு 001 மட்டும் எழுதினால் சென்னையா, டெல்லியா, எங்கே போகும்? அந்தத் தம்பியின் ப்ரோக்ராம் அப்படி அரை முகவரியை வைத்துக்கொண்டுதான் மெஷினிடம் பேசப் போனது. பழைய கம்ப்யூட்டரில் பாயிண்டரே 32 பிட் என்பதால் வெட்ட எதுவும் இல்லை. நான்கு வருஷம் ஓடியது அதனால்தான், கோடு சரியாக இருந்ததால் அல்ல.

டபுள் வந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் விழக்கூட விழாது. வேறொரு டேனரியில் சதுர அடி இருக்க வேண்டிய இடத்தில் சம்பந்தமில்லாத முழு எண் வந்தது. சென்சார் போய்விட்டது என்று மெக்கானிக்கை வரவழைத்துக் காசும் கொடுத்துவிட்டார்கள். சென்சாரில் ஒன்றுமில்லை. டபுள் திரும்பி வரும் ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள் மதிப்பை வைக்கும் இடம்) வேறு, இண்ட் வரும் ரெஜிஸ்டர் வேறு. பைத்தான் இரண்டாவதைத் திறந்து அதில் ஏற்கெனவே கிடந்ததை எடுத்து வந்தது. நீங்களே செய்து பாருங்கள்: லினக்ஸின் கணித லைப்ரரியில் வர்க்கமூலம் தரும் ஃபங்ஷனுக்கு 2.0-ஐ டபுளாகக் கொடுத்து, ரெஸ்டைப் சொல்லாமல் கூப்பிடுங்கள். 1.414 வராது.

ட்ரை-எக்ஸெப்ட் பற்றி ஒரே வார்த்தை. அது பைத்தான் எழுப்பும் எரரைப் பிடிக்கும். தொடக்கூடாத மெமரியைத் தொட்டுச் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பைத்தானையே கொன்றுவிடும், பிடிக்க ஆள் இருக்காது. விண்டோஸில் சில சமயம் 'ஆக்ஸஸ் வயலேஷன்' என்று எரராகவே வரும். அதை நம்பி உட்காராதீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஆர்க்டைப்ஸ் (கொடுக்கும் மதிப்புகளின் வகை), ரெஸ்டைப் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் போகும்போது வெட்டுப்படும், இல்லை வரும்போது வெட்டுப்படும். 'லாங்' என்று ஹெடரில் பார்த்தால் நிதானியுங்கள், 64-பிட் லினக்ஸில் அது 8 பைட், 64-பிட் விண்டோஸில் 4 பைட். லைப்ரரி எழுதி நிரப்பும் இடத்துக்குப் பைத்தான் ஸ்ட்ரிங்கைக் கொடுக்காதீர்கள், தனியாக பஃபர் உண்டாக்கிக் கொடுங்கள். விரல் வைத்ததும் இந்தப் பைத்தான் ஃபங்ஷனைக் கூப்பிடு என்று கைரேகை மெஷினுக்குக் கால்பேக் கொடுப்பவர்கள், தயவுசெய்து அந்தக் கால்பேக்கை ஒரு வேரியபிளில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பைத்தான் அதைக் குப்பை என்று அள்ளிவிடும், பத்து பேர் விரல் வைக்கும்வரை ஓடி, பதினோராவது ஆளுக்கு விழும். விழுந்த இடம் தெரியவில்லையா, ஃபால்ட்ஹேண்ட்லரைப் போட்டு ஓட்டுங்கள், எந்த வரி என்று காட்டிவிடும். பைத்தான் 3.3 முதல் கூடவே வருகிறது, யாருமே தொடுவதில்லை.

ராணிப்பேட்டையில் நான் சேர்த்தது ஆறு வரி. அதை எழுதத் தேவைப்பட்ட ஹெடர் ஃபைல் அவர்களிடம் இல்லை, மெஷின்காரரிடம் கேட்டு அது வந்து சேரச் சாயங்காலம் ஐந்து மணி ஆனது. மெஷின் வாங்கும்போதே, பணம் கட்டும் முன்பே, லைப்ரரியோடு ஹெடர் ஃபைலையும் கேட்டு வாங்கி வையுங்கள்.