ரப்பர் இல்லாத காலத்து உள்ளாடை

இன்றைய உள்ளாடையிலிருந்து ரப்பர் நாடாவை உருவிவிட்டால் அது இடுப்பில் நிற்காது. ரப்பர் தரும் மரம் அமெரிக்கக் கண்டத்துக்குரியது. பண்டைய ரோமானியர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆனாலும் அவர்கள் மேடையேறி நடித்தார்கள், அரங்கில் வாள் வீசினார்கள், ஓடினார்கள். துணி நழுவாமல் நின்றது முடிச்சாலும் உராய்வாலும்.

கீழே அவர்கள் கட்டியது நம் மொழியில் சொன்னால் கோவணம்தான். லத்தீனில் அதன் பெயர் சுப்லிகாகுலம். 'அடியில் கட்டுவது' என்று பொருள். அரங்கில் மோதிய வாள்வீரர்களான கிளாடியேட்டர்களின் ஓவியங்களில் இது தவறாமல் தென்படும். நடிகர்களும் கட்டினார்கள். சுப்லிகாகுலம் இல்லாமல் மேடைக்கு வரக்கூடாது என்பது அவர்களின் பழைய மரபு என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதுகிறார். ஆடை தற்செயலாக விலகிவிடுமோ என்ற பயமாம்.

பெண்களின் மார்க்கச்சுதான் எனக்குக் கூடுதல் சுவாரசியம் தருவது. ஸ்ட்ரோபியம், ஃபாஸ்கியா என்றெல்லாம் அழைக்கப்பட்ட இதில் கிண்ணமும் கிடையாது, கொக்கியும் கிடையாது. நீண்ட துணிப்பட்டை, அவ்வளவே. அது எப்படி நின்றது? படகுக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினால், ஒற்றைக் கையால் படகைப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வின் பிடி கூட்டலாக அல்ல, பெருக்கலாக வளர்கிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் பிடி சுமார் 6.6 மடங்கு, இரண்டு சுற்றில் 40 மடங்குக்கும் மேல். உடம்பு கம்பத்தைப் போல விறைப்பானதல்ல என்பதால் கணக்கு அச்சாகப் பொருந்தாது, தத்துவம் அதுவேதான். பட்டையின் நுனியைச் செருகினாலோ லேசாக முடிந்தாலோ போதும்.

கச்சு எல்லா நேரமும் அடக்கமாக உள்ளேயே இருந்துவிடவில்லை. கி.மு. 62இல் பெண்கள் மட்டுமே கூடும் போனா தேவியின் சடங்குக்குள் குளோடியஸ் என்ற பிரபு பெண் வேடத்தில் நுழைந்து மாட்டிக்கொண்டான். பின்னாளில் அவனைக் கிழித்தெடுத்த சிசரோ, அவன் அணிந்திருந்தவற்றைப் பட்டியல் போட்டபோது ஸ்ட்ரோபியத்தையும் விடவில்லை. கி.பி. 65இல் பேரரசன் நீரோவுக்கு எதிரான சதியில் பிடிபட்ட எபிகாரிஸின் கதையோ வேறு. ஒரு நாள் முழுக்கச் சித்திரவதை செய்தும் அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லப்பட்டபோது, தன் மார்க்கச்சை அவிழ்த்து அந்த நாற்காலியிலேயே சுருக்கிட்டு உயிர்விட்டாள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

இந்த உடையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சிசிலியின் பியாட்சா அர்மெரினாவுக்கு அருகிலுள்ள ரோமானிய மாளிகைக்குப் போக வேண்டும். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தரைச் சித்திரத்தில் பெண்கள் கச்சும் கோவணமுமாக ஓடுகிறார்கள், எடை தூக்குகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். 'பிகினிப் பெண்கள்' என்று உலகம் அவர்களை அழைப்பது கொஞ்சம் அநியாயம். பிகினி என்ற பெயர் 1946இல் வந்த நீச்சலுடைக்கு உரியது. இவர்களோ போட்டியில் இறங்கிய வீராங்கனைகள். ஒருத்தியின் கையில் வெற்றிக்குரிய பனையோலைகூட இருக்கிறது.

உண்மையான உள்ளாடை கிடைத்திருக்கிறதா? கிடைத்திருக்கிறது, லண்டனில். குவீன் தெருவில் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிணற்றிலிருந்து, பக்கவாட்டில் நாடாவால் கட்டும் சிறிய தோல் ஜட்டி ஒன்று வெளிவந்தது. கழைக்கூத்து ஆடிய இளம்பெண்ணுடையதாக இருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். ரோமானியர்கள் தோல் உள்ளாடைதான் அணிந்தார்கள் என்று இதை வைத்து முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் அரிது. மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே திணறும். பதனிட்ட தோலில் டானின் என்ற பதனிடும் பொருள் புரத நார்களைப் பிணைத்துவைத்திருப்பதால் அது மேலும் தாங்கும். துணி உள்ளாடைக்கான லினனோ தாவர நார். அதன் செல்லுலோஸ் அமிலம் கலந்த ஈரமண்ணில் சிதைந்துவிடும். அதனால் கிணறு தோலை மட்டும் நமக்காக எடுத்துவைத்தது.

இங்கிலாந்தின் வடக்கே, விண்டோலாந்தா என்ற ரோமானியக் கோட்டையின் ஈரமண் இன்னொன்றையும் காப்பாற்றியது: மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள். முதல் கடிதங்கள் 1973இல் கிடைத்தன. சுமார் கி.பி. 100இல் எழுதப்பட்ட ஒன்றில், காலுறைகளும் இரண்டு ஜோடி செருப்பும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாக வரிகள் இருக்கின்றன. அனுப்பியவர் பெயர் இருந்த பகுதி உடைந்துபோயிருக்கிறது.