மோட்டார் ரூமில் நிற்கும் பழைய மருந்து பாட்டில்கள்

எந்த ஊரில் மோட்டார் ரூமைத் திறந்தாலும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலேயோ ஜன்னல் திட்டிலோ நாலைந்து பூச்சிமருந்து பாட்டில்கள் நிற்கும். ஒன்றில் பாதி, ஒன்றில் கால், ஒன்றில் அடியில் ஒரு விரற்கடை. லேபிளைக் கரையான் அரித்திருக்கும், அல்லது மருந்து வழிந்து எழுத்து அழிந்திருக்கும். வேளாண்மைத் துறையில் வேலை பார்க்கும் எனக்குப் பழகிப்போன காட்சி இது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "காசு கொடுத்து வாங்கினது, எப்பவாவது உதவும் சார்" என்பார்கள். இல்லையென்றால், "அது பவர் போன மருந்து, ஒண்ணும் பண்ணாது."

இந்த இரண்டாவது பதில்தான் எனக்குப் பயம். காலாவதியான மருந்தில் குறைவது பூச்சியைக் கொல்லும் திறன். மனிதருக்கான நஞ்சும் கூடவே குறைந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சில மருந்துகளில் அந்த நஞ்சு அதிகமாகவும் ஆகும். 1976-இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தெளித்த சுமார் 7,500 பணியாளர்களில் 2,800 பேர்வரை நஞ்சேறிப் பாதிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். மாலத்தியான் மனிதருக்கு நஞ்சு குறைவான மருந்து என்றுதான் பெயர். ஆனால் அங்கே வந்த சில சரக்குகளில், இருப்பிலிருந்த காலத்தில் ஐசோமாலத்தியான் என்ற வேறொரு பொருள் உருவாகியிருந்தது. மாலத்தியானைச் சிதைத்து வெளியேற்ற நம் உடலில் இருக்கும் நொதியையே அது முடக்கிவிடும். சூடான இடத்தில் வைத்தால் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். சித்திரை வெயிலில் நம் மோட்டார் ரூமின் தகரக் கூரைக்குக் கீழே என்ன சூடு இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பயிருக்கும் அது நல்லதில்லை. எண்ணெய்ப் பதமான மருந்தைத் தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெள்ளையாகக் கலங்க வேண்டும். பழைய மருந்து கலங்காது. எண்ணெய் தனியாக மேலே மிதக்கும், சிலவற்றில் அடியில் உப்புக் கல்போல் உறைந்திருக்கும். அதைத் தெளித்தால் ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர் போகும், இன்னொரு வரிசையில் இலை கருகும். "டோஸைக் கூட்டி அடிச்சாச் சரியாப் போயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இவ்வளவு மிச்சம் எப்படிச் சேருகிறது? அரை ஏக்கர் கத்தரிக்கு 100 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2 மில்லி என்றால் தேவை 200 மில்லி. கடையில் ஒரு லிட்டர் பாட்டில் வாங்கினால் மில்லி கணக்கில் விலை குறைகிறது, அதனால் லிட்டராக வாங்குகிறோம். அடுத்த முறை பூச்சி வேறு, கடைக்காரர் தரும் மருந்தும் வேறு. முந்தைய 800 மில்லி திட்டுக்குப் போய்விடுகிறது.

தடைகளும் மிச்சத்தை உண்டாக்குகின்றன. பி.ஹெச்.சி. என்ற பூச்சிமருந்துத் தூள் 1997-இல் தடையானது. இன்றும் பழைய வீட்டுப் பரண்களில் அந்தப் பொட்டலம் அகப்படுகிறது. 2011-இல் எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 2018-இல் மத்திய அரசு 18 மருந்துகளைத் தடை செய்தது. அதில் போரேட் உள்ளிட்ட ஆறுக்கு மட்டும் 2020 கடைசிவரை காலம் தந்தது. விற்கக் கூடாது என்று ஆணை வந்தது, சரி. வீட்டில் கிடக்கும் போரேட் குருணையை எங்கே கொடுப்பது என்று விவசாயிக்கு யாரும் சொல்லவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, காலாவதியான சரக்கை வியாபாரி தனியாகப் பிரித்து, விற்பனைக்கு அல்ல என்று முத்திரையிட்டு, தனி இடத்தில் வைக்க வேண்டும். 2016-இன் அபாயகரக் கழிவு விதிகளிலும் காலாவதியான பூச்சிமருந்து இருக்கிறது. ஆனால் இதெல்லாம் கம்பெனியையும் கடையையும் மனதில் வைத்து எழுதியது. பில் போட்டு வாங்கியவன் கையில் இருக்கும் கால் பாட்டிலுக்கு நடைமுறையில் வழி இல்லை. விற்றவரே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கருத்து. பிரேசிலும் விவசாய நாடுதான். காலி மருந்து டப்பாக்களை விவசாயி திருப்பிக் கொடுக்க வேண்டும், உற்பத்தியாளர் அவற்றை எடுத்துப் போய்க் கையாள வேண்டும் என்று 2000-இலேயே சட்டம் போட்டு நடத்திக் காட்டியது.

குழி தோண்டிப் புதைக்கலாமே என்பார்கள். புதைத்தால் கிணற்றுக்குத்தான் வரும். எரிக்கலாமா? இந்த மருந்துகளை முழுமையாக அழிக்க 1,100 டிகிரிக்கு மேல் சூடும், அந்தச் சூட்டில் புகை இரண்டு விநாடியாவது நிற்கிற உலையும் வேண்டும். குப்பையோடு போட்டுக் கொளுத்தினால் அந்தச் சூடு வராது; குளோரின் உள்ள மருந்தாக இருந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு கிளம்பும். அபாயகரக் கழிவைக் கையாளும் பொது நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஆனால் கால் லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாளாக அங்கே போய் நிற்க முடியாது.

பெரிய இருப்புகளின் கதையே இழுபறிதான். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு வானிலிருந்து எண்டோசல்பான் தெளிப்பது 2000-இல் நின்றது. மிஞ்சிய பீப்பாய்கள் கிடங்குகளில் துருப்பிடித்துக் கசிந்தன. 2012-இல்தான் அவற்றைப் புதிய கலன்களுக்கு மாற்றினார்கள். அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தன. போபாலில் விஷவாயு கசிந்தது 1984-இல். அந்தப் பூச்சிமருந்து ஆலையில் தேங்கிய 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் லாரிகளில் அதே மாநிலத்திலுள்ள பீதம்பூர் ஊரின் எரி உலைக்குக் கிளம்பியது. எங்கள் ஊரில் எரிக்காதே என்று அங்கே மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலி டப்பாவையும் சும்மா விடக் கூடாது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. டப்பா காலியானதும் மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றுங்கள். பிறகு அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள்.

மிச்ச மருந்து இருந்தால் இரண்டையும் மூன்றையும் ஒரே பாட்டிலில் சேர்க்காதீர்கள். அதனதன் பாட்டிலிலேயே இருக்கட்டும். கசிகிற பாட்டிலைக் கையுறை போட்டு எடுத்து, உலர்ந்த மணலோ மரத்தூளோ போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் நிறுத்துங்கள். தரையில் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். மணலைத் தூவி உறிஞ்சவிட்டு, அள்ளி அதே வாளியில் போடுங்கள். லேபிள் இல்லாவிட்டால், 'பெயர் தெரியாத விஷம்' என்று எழுதி ஒட்டுங்கள். மாட்டுத் தீவனமும் கிணறும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். பூட்டு முக்கியம், பிள்ளைகளுக்காக மட்டுமில்லை. 2023-இல் தமிழ்நாடு அரசு ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்தி வைத்ததற்குக் காரணமே தற்கொலைகள்தான். கோபத்தில் ஒருவர் கை நீட்டும்போது மருந்து எட்டாத இடத்தில் இருந்தால், அந்த நேரம் கடந்துவிடும்.

அப்புறம், ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு பட்டியல் போடுங்கள்: மருந்தின் பெயர், அளவு, காலாவதித் தேதி, யார் வீட்டில் இருக்கிறது. மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதை மனுவாகக் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து ஒரு நாள் குறித்து வந்து எடுத்துப் போகும்படி கேளுங்கள். "பழைய மருந்துக்கு வழி செய்யுங்கள்" என்று பொதுவாக எழுதினால் கோப்பு எங்காவது நின்றுவிடும். இன்ன கிராமம், இத்தனை லிட்டர், இத்தனை கிலோ என்று எழுதினால் வண்டி அனுப்புவதா இல்லையா என்று அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.