இறக்குமதி வரி கேட்கும் முன் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். எலாஸ்டிக் நாடா நெய்பவர், அப்பா காலத்திலிருந்து நடக்கும் தொழில். "சீனாக்காரன் நம்ம அடக்க விலைக்கும் கீழே கொண்டுவந்து கொட்டுறான் சார். ஆன்டி டம்பிங் வரி போடச் சொல்லி டெல்லிக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்றார். விலை குறைத்துக் கொட்டப்படும் இறக்குமதிச் சரக்கின் மேல் கூடுதலாகப் போடும் வரி அது. கணக்கை வாங்கிப் பார்த்தேன். நாடா நெய்யும் தறிகளான நீடில் லூம்களில் பாதிக்கு மேல் நிற்கின்றன. அது எனக்கு அதிர்ச்சியில்லை. அடுத்த பக்கத்தில் இருந்ததுதான் அதிர்ச்சி. எந்த நாடாவுக்கு வரி கேட்கிறாரோ அதே நாடாவை அதே சீனாவிலிருந்து கன்டெய்னரில் வரவழைத்து, தன் பெயர் போட்ட அட்டைப்பெட்டியில் மாற்றி விற்றுக்கொண்டிருக்கிறார். சொந்த நெசவைவிட அந்த வியாபாரம் பெரிதாகிவிட்டது.

இவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வாடிக்கையாளரைத் தக்கவைக்க வேறு வழி தெரியாமல் செய்தது அது. ஆனால் 1995-ஆம் வருட ஆன்டி டம்பிங் விதிகளில் 'உள்நாட்டுத் தொழில்' யார் என்பதற்குத் தெளிவான வரையறை இருக்கிறது. புகாருக்கு உள்ளான பொருளைத் தானே இறக்குமதி செய்பவரை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவைக்க விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மாதிரிக்காகவோ அவசரத்துக்கோ கொஞ்சம் வாங்கியிருந்தால் பேசிப் பார்க்கலாம். உற்பத்தியை விட இறக்குமதி அதிகம் என்றால், உங்களை உற்பத்தியாளர் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பாதிக்கப்பட்டவராகப் போய் நிற்கப் போனவரை, எதிர்த்தரப்பு வக்கீல் இறக்குமதியாளர் பட்டியலில் காட்டிவிடுவார்.

அடக்க விலையைக் கணக்கிடும் காஸ்ட் அக்கவுண்டன்ட் வேலையில் இந்த மாதிரி மனுக்களோடு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பம்பு உதிரிபாகம், வார்ப்படம், ஜிப், நாடா என்று பொருள் மாறும். வருகிற நேரம் மட்டும் மாறுவதில்லை. எல்லாரும் பாதித் தொழில் போன பிறகுதான் வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், 'மலிவாக வந்தால் அது டம்பிங்' என்ற நினைப்பை விடுங்கள். எத்தனை முறை சொன்னாலும் இது போக மாட்டேன் என்கிறது, ஆகவே விலாவாரியாகவே சொல்கிறேன். சீனாக்காரன் விலை உங்கள் விலையை விடக் குறைவு என்பது டம்பிங் இல்லை. தன் நாட்டுச் சந்தையில் விற்கும் விலையை விடக் குறைவாக நமக்கு விற்றால்தான் டம்பிங். ஒரு கிலோ நாடாவை அங்கே 200 ரூபாய்க்கு விற்று, நமக்கும் 200 ரூபாய்க்கே அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடக்கம் 310 ரூபாயாகவே இருக்கட்டும், அது டம்பிங் ஆகாது. அவன் சாமர்த்தியமாகச் செய்கிறான் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அங்கே 250-க்கு விற்றுவிட்டு இங்கே 200-க்கு அனுப்பினால், அந்த 50 ரூபாய் டம்பிங்.

அந்த 50 ரூபாயை நிரூபித்தாலும் கதை முடியாது. அதனால் இங்குள்ள தொழிலுக்கு நஷ்டம் வந்ததா என்பது இரண்டாவது கேள்வி. அந்த நஷ்டம் இந்த இறக்குமதியால்தான் வந்ததா என்பது மூன்றாவது. மின்தடை, கடன் வட்டி, பங்காளிச் சண்டை, பழைய மிஷின் என்று வேறு காரணம் இருந்தால் அதையெல்லாம் தனியே பிரித்து வைத்துவிடுவார்கள். சீன வழக்குகளில் முதல் கேள்வி பெரும்பாலும் அவ்வளவு கஷ்டமில்லை. அந்த நாட்டு நிறுவனங்கள் கொடுக்கும் உள்நாட்டு விலையை நம் அதிகாரிகள் பல வழக்குகளில் ஏற்பதில்லை, வேறு முறையில் கணக்கிட்டுக்கொள்கிறார்கள். நம்மவர்கள் தடுக்கி விழுவது இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில்தான்.

சரி, மூன்றையும் தாண்டிவிட்டீர்கள். அந்த 50 ரூபாயும் வரியாக விழுமா? விழாது. டம்பிங் அளவு, உங்கள் தொழிலுக்கு ஏற்பட்ட பாதிப்பின் அளவு, இரண்டில் எது குறைவோ அதுதான் வரி. பாதிப்பைக் கணக்கிட 'பாதிப்பில்லா விலை' என்று ஒன்றை வருவிப்பார்கள். உங்கள் கச்சாப் பொருள் செலவு, மின்சாரம், மற்ற செலவுகள், போட்ட மூலதனத்துக்கு நடைமுறையில் 22 சதவீத வருமானம், எல்லாம் சேர்த்து வருவது அது. ஆனால் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் காலத்திலும் அதற்கு முந்தைய 3 வருடங்களிலும் எப்போது உங்கள் மிஷின்கள் அதிகம் ஓடினவோ, எப்போது நூல் குறைவாக வீணானதோ, அந்தச் சிறந்த அளவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். பாதி லூம் நிற்பதால் கிலோவுக்கு 310 ரூபாய் அடக்கம் ஆகிறது என்றால் அந்த 310-ஐ யாரும் ஏற்க மாட்டார்கள். முழுசாக ஓடியிருந்தால் 260 என்று வந்தால், அந்த 260-தான் உங்கள் விலை. இறக்குமதிச் சரக்கு சுங்க வரியோடு 240-க்கு வந்து இறங்குகிறது என்றால், உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு 20 ரூபாய். 260 ஆன சீன நாடாவோடு 310 ரூபாய் நாடாவை விற்க முடியுமா? யோசித்துப் பாருங்கள். நின்ற லூம்களை வரி ஓட்டிக் கொடுக்காது.

இன்னொன்றையும் திருப்பூர்க்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். ஏற்றுமதிச் சரக்கு செய்வதற்கென்று அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் என்ற அனுமதியில் இறக்குமதி செய்யும் பொருளுக்கு ஆன்டி டம்பிங் வரி விலக்கு உண்டு. உங்கள் சரக்கை வாங்குபவர்கள் பெரும்பாலும் பனியன் ஏற்றுமதியாளர்கள் என்றால், நீங்கள் போராடி வாங்கும் வரி அவர்களைத் தொடாமலே போகலாம். மனு போடும் முன் உங்கள் சரக்கில் எவ்வளவு உள்நாட்டு பிராண்டுகளுக்குப் போகிறது, எவ்வளவு ஏற்றுமதியாளருக்குப் போகிறது என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே சிலருடைய மனு முடிந்துபோகும்.

பாதுகாப்பு வரியே வீண் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் சிவகாசியின் சரித்திரத்தையே மறுத்ததாகும். 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டார்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அரசுக்கு வருமானம் வேண்டும் என்று போட்ட வரிதான், உள்ளூர்த் தொழிலை வளர்க்க என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். அந்த வரியைத் தாண்டுவதற்கு ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனமும் வழி கண்டுபிடித்தது. 1923-இல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள்ளேயே ஆலை போட்டுவிட்டது. வரி போட்டதும் வெளிநாட்டுக்காரன் ஓடிவிடுவான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவன் உள்ளே வந்து உட்காருவான். அவனோடு போட்டி போட்டுத்தான் சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் நிலைத்தன.

நூறு வருடம் கழித்து அதே தீப்பெட்டிக்கு வேறு வடிவில் சோதனை வந்தது. பத்து ரூபாய் சீன லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று தமிழக முதல்வர் 2022-இல் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய வருடம், 2021 டிசம்பரில்தான், மூலப்பொருள் விலை தாங்காமல் 14 வருடத்துக்குப் பிறகு தீப்பெட்டி விலையை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆக்கியிருந்தார்கள். 2023 ஜூன் மாதம், இறக்குமதி விலை 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டருக்குத் தடை வந்தது. எல்லாரும் பட்டாசு வெடிக்காத குறைதான். நடந்தது என்ன? உடல், வால்வு, சக்கரம் என்று உதிரிபாகமாக வந்து இங்கே பூட்டப்பட்டது. பிறகு 2024 அக்டோபரில் உதிரிபாகத்துக்கும் தடை போட வேண்டியிருந்தது. இடையில் ஓடிய ஒரு வருடத்துக்கு மேலான காலத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? தீப்பெட்டித் தொழிலில் இருக்கும் லட்சம் பேரில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு வாரம் ஆலை மூடினாலே அடுப்பெரிவது சிரமமாகும் வீடுகள் அவை.

தீப்பெட்டிக்காரர்களால் இவ்வளவாவது சாதிக்க முடிந்ததற்கு, சங்கம் விடாமல் பின்னால் நின்றது ஒரு காரணம். அறிவிப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று போகாமல், சந்தையில் என்ன வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தனி ஆள் ஒருவரால் அது முடியாது. ஆன்டி டம்பிங்கில் சட்டமே தனி ஆளுக்கு இடம் கொடுப்பதில்லை. விண்ணப்பத்தை ஆதரிப்பவர்கள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 25 சதவீதமாவது செய்பவர்களாக இருக்க வேண்டும். கருத்துச் சொன்னவர்களில் ஆதரிப்பவர்களின் உற்பத்தி எதிர்ப்பவர்களுடையதை விட அதிகமாகவும் இருக்க வேண்டும். நூறு பேர் நூறு பட்டறையில் செய்யும் பொருளுக்கு இதைத் திரட்டுவது பெரும்பாடு. பக்கத்துப் பட்டறைக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை என்கிறார்கள். அவர் கணக்கைக் கொடுக்காவிட்டால் உங்கள் மனு வாசலைத் தாண்டாது. போய்ப் பேசுங்கள் ஐயா, வீம்புக்கு இது நேரமில்லை.

ஒரு தொழிலுக்குப் போடும் வேலி அடுத்த தொழிலுக்குச் சுவராவதையும் பார்க்க வேண்டும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் பஞ்சுக்கு 2010-இலிருந்து ஆன்டி டம்பிங் வரி இருந்தது. அதைத் தயாரிப்பவருக்கு அது காவல், வாங்கி நூற்கும் தமிழக மில்களுக்குச் சுமை. 2021 ஆகஸ்டில் அதை எடுத்தார்கள். 2023-இல், தரச் சான்று இல்லாத சரக்கை உள்ளே விடாத தரக்கட்டுப்பாட்டு ஆணை என்ற பெயரில் வேறொரு தடை வந்தது. 2025 நவம்பரில் அதையும் ரத்து செய்தார்கள், பாலியஸ்டர் நூல் வகைகள் பலவற்றுக்கு இருந்த ஆணைகளையும் சேர்த்தே. என்னிடம் வந்த நாடாக்காரரின் அடக்கத்தில் நூல்தான் பெரும்பகுதி. தன் நூலுக்கு என்ன வரி, எந்த ஆணை வந்தது, எது போனது என்று கேட்டேன். தெரியவில்லை. முடித்த சரக்கின் வரியைப் பற்றி டெல்லி வரை போகத் தயாராக இருப்பவர், வாங்கும் சரக்கின் வரியைப் பார்க்காமல் இருக்கலாமா? நூலுக்கு வரி கூடி நாடாவுக்குக் கூடாவிட்டால், உங்களை வீழ்த்த சீனாவே தேவையில்லை. அதற்கு எதிராகப் பட்ஜெட்டுக்கு முன்பே நிதி அமைச்சகத்துக்கு எழுதலாம், சங்கங்களிடம் யோசனை கேட்கும் வழக்கம் ஒவ்வொரு வருடமும் உண்டு.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பொருள் வாரியாகக் கணக்கு வையுங்கள். டாலி கணக்கு மென்பொருளில் 'எலாஸ்டிக்' என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போட்டு வைத்தால் எந்த விசாரணைக்கும் பயன்படாது. நெய்த நாடா தனி, பின்னிய நாடா தனி, அகலம் தனி. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நூல் போனது, எவ்வளவு உற்பத்தி, எவ்வளவு விற்பனை, எவ்வளவு தேங்கியது என்று மாதாமாதம் வேண்டும். விசாரணைக் காலம் பொதுவாக ஒரு வருடம், அதோடு முந்தைய 3 வருடக் கணக்கும் கேட்பார்கள். விசாரணை தொடங்கும்போது அந்தக் காலம் முடிந்து 6 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. போன தீபாவளிக்குப் பட்ட நஷ்டத்தை அடுத்த தீபாவளிக்குச் சொன்னால் புதிய கணக்கோடு வா என்பார்கள்.

பில் இல்லாமல் விற்பதை நிறுத்துங்கள். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதிச் சரக்கைப் பில் இல்லாமல் அனுப்பிவிட்டு, பிறகு விற்பனை விழுந்துவிட்டது என்று எதைக் காட்டுவீர்கள்? புத்தகத்தில் ஏறாத உற்பத்தி உற்பத்தியே இல்லை. அந்த 25 சதவீதத்துக்கும் அது சேராது.

அடக்க விலையைக் கொடுத்தால் போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ரகசியப் பிரதி தனி, எல்லாரும் பார்க்கும் பிரதி தனி. உங்கள் எண்களை மறைத்து, போக்கு மட்டும் தெரிகிற மாதிரி பொதுப் பிரதியில் கொடுத்தால் போதும்.

உங்கள் பொருளின் எட்டு இலக்கச் சுங்கக் குறியீடு எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் நெய்த நாடா 5806 20 என்ற தலைப்பின் கீழ் வரும். வணிக அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தக் குறியீட்டைப் போட்டால், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு, என்ன மதிப்புக்கு வந்தது என்று இலவசமாகப் பார்க்கலாம். ஒரு நாட்டிலிருந்து வருவது மொத்த இறக்குமதியில் 3 சதவீதத்துக்கும் குறைவு என்றால் அந்த நாட்டின் மேல் வழக்கு பொதுவாக நிற்காது. மாதம் ஒரு முறை பாருங்கள், ஒரு கிலோ சராசரி மதிப்பு எந்த மாதத்திலிருந்து சரிந்தது என்று குறித்துவையுங்கள். வழக்கில் இந்தச் சரிவும் உங்கள் விற்பனைச் சரிவும் ஒரே காலத்தில் வருகிறதா என்பதுதான் மூன்றாவது கேள்விக்கான பதில்.

டெல்லியில் மனு கொடுத்தால் வரி விழுந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். வணிக அமைச்சகத்தின் கீழ் இந்த வழக்குகளை விசாரிக்கும் டிஜிடிஆர் பரிந்துரைதான் செய்யும், வரி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது நிதி அமைச்சகம். பரிந்துரை வந்தும் வரி போடாமல் விட்ட வழக்குகள் சமீப வருடங்களில் பல. போட்டால் பொதுவாக 5 வருடம். அந்த வருடங்களில் பழைய லூமை மாற்ற, வீணாகும் நூலைக் குறைக்க, இரண்டு புது வாடிக்கையாளரைப் பிடிக்கத் திட்டம் இருந்தால் மட்டும் மனு போடுங்கள். வரி தொடர வேண்டுமென்றால் காலம் முடியும் முன்பே மறு ஆய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் இதே கணக்கு வேண்டும்.

அந்த நாடாக்காரருக்கு நான் மனு எழுதித் தரவில்லை. இறக்குமதியை எப்போது நிறுத்த முடியும், நின்ற லூம்களில் எத்தனையை ஓட்ட ஆர்டர் பிடிக்க முடியும், அதே நாடா நெய்பவர்கள் யார் யார் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீங்களும் யாரிடமாவது மனு எழுதக் கேட்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இந்த மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். லூம்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே போங்கள்.