இடப்பக்க ஸ்டியரிங்கும் வலப்பக்கம் எகிறும் வெளிச்சமும்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் நெடுங்காலம் வேலை பார்த்த அவருடைய பெரியப்பா, 1962ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் பீட்டில் கார் ஒன்றை அங்கே பத்திரமாக வைத்திருக்கிறாராம். அதை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்பது குடும்பத்தின் ஆசை. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் வண்டியை இங்கே பதிவு செய்து தருவார்களா, ஸ்டியரிங்கை வலப்பக்கத்துக்கு மாற்றச் சொல்வார்களா என்பது அவருடைய கேள்வி. பதிவு செய்யலாம், ஸ்டியரிங்கை மாற்ற வேண்டாம் என்பதே பதில். ஆனால் அந்த வண்டியில் கட்டாயம் மாற்ற வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது அவர் கேட்காத பொருள்: முகப்பு விளக்கு.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவின்படி, விதிகளில் சொன்ன வகையிலான இயந்திரச் சைகைக் கருவியோ மின் சைகைக் கருவியோ வேலை செய்யும் நிலையில் இருந்தால்தான் இடப்பக்க ஸ்டியரிங் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டலாம். இதன் காரணம் எளிது. வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் ஜன்னல் வழியே கையை நீட்டினால் பின்னால் வருபவருக்கும் எதிரே வருபவருக்கும் தெரியும். இடப்பக்கம் அமர்ந்திருப்பவரின் கை சாலையோரத்து வேலிக்குத்தான் தெரியும். ஐரோப்பாவில் விற்ற பீட்டில்களில் 1960 வரை, கதவுத் தூணிலிருந்து எழுந்து நிற்கும் சிறு கைகாட்டிதான் இருந்தது. 1962ஆம் ஆண்டு வண்டியில் மினுக்கும் இண்டிகேட்டர்கள் வந்துவிட்டதால் இந்தப் பிரிவு வாசகருக்குத் தடையாக இருக்காது.

பதிவுக்கு உரிய வழி, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள், இறக்குமதியானவை உட்பட, இதில் அடங்கும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இடம் மாற்ற எண்ணுபவர்கள் இந்த வரியை இருமுறை படிக்க வேண்டும். படிவம் 20, காப்பீட்டுச் சான்று, சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி ஆவணம், 20,000 ரூபாய் கட்டணம் ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் 60 நாட்களுக்குள் சான்றிதழ் தர வேண்டும். அது 10 ஆண்டுகள் செல்லும். நம் மாநிலத்து வண்டி எண் 'டிஎன்' என்று தொடங்கி 'விஏ' என்ற எழுத்துகளைத் தாங்கி நிற்கும். கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே வண்டியைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் கடைத்தெருவுக்கு எடுத்துப்போவதும், மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவதும் கூடாது. இறக்குமதியைப் பொறுத்தவரை, 1950க்கு முன் தயாரான கார்களுக்கு மட்டும் இருந்த சலுகை 2025இல் 50 ஆண்டு கடந்த கார்கள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. சுங்க வரி மிகப் பெரிய தொகையாக இருக்கும். அதைக் குடும்பம் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

இனி விளக்குக்கு வருகிறேன். சாதாரணப் பழைய கார்களை இறக்குமதி செய்வதற்கான நிபந்தனைகளில், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும் என்பவற்றோடு, முகப்பு விளக்கின் ஒளிப்பரவல் இடப்புறம் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற ஒரு வரியும் உண்டு. அந்த வரியை எழுதியவருக்கு ஒளியியல் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் 50 ஆண்டு கடந்த வண்டி வேறு வழியாக வருவதால், எல்லோருடைய கவனமும் அதன் வயதின் மீதும் அசல் தன்மையின் மீதும் போய்விடுகிறது.

காரின் முகப்பு விளக்கு நேராகப் பாய்ச்சும் வெறும் டார்ச் அல்ல. நம் ஓட்டுநர்கள் 'டிம்' என்று சொல்லும் தாழ்கதிர், எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகாமல், தன் பக்கத்துச் சாலையோரத்தை மட்டும் தூரம்வரை காட்ட வேண்டும். அதாவது, ஒரு பக்கம் தாழ்ந்தும் மறுபக்கம் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 1957இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டை, ஒரு மின்குமிழுக்குள் அடங்கும் சிறு உலோகத் துண்டு நிறைவேற்றுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்: பரவளைய ஆடியின் குவியத்தில் ஒளி மூலத்தை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியேறும். பிரைட் வெளிச்சத்துக்கான இழை ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. டிம் இழையோ குவியத்துக்குச் சற்று முன்னால், சாலையை நோக்கித் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. குவியத்தைத் தாண்டி வைத்த மூலத்தின் கதிர்கள் ஆடியில் பட்டுத் திரும்பும்போது ஒன்றையொன்று நெருங்கி, நடு அச்சைக் கடந்து, எதிர்ப்பக்கம் போகின்றன. ஆகவே ஆடியின் மேற்பாதியில் பட்ட ஒளி கீழே சாலைக்கு இறங்கும். கீழ்ப்பாதியில் பட்ட ஒளி மேலே ஏறி எதிரில் வருபவரின் முகத்துக்குப் போகும். கீழ்ப்பாதிக்கு ஒளியே போகாமல் தடுத்துவிட்டால் என்ன? அதற்காகத்தான் டிம் இழைக்கு அடியில் நகக்கண் அளவில் ஓர் உலோகக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். கிண்ணத்தின் விளிம்பு எங்கே முடிகிறதோ, அதுவே சுவரில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே ஓர் எல்லைக்கோடாக விழுகிறது.

கிண்ணத்தின் இரண்டு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் அந்தக் கோடு நேராக இருக்கும். ஒரு விளிம்பை மட்டும் 15 டிகிரி தாழ்த்திவிட்டால், வரப்பில் ஒரு பக்கம் மட்டும் மடை திறந்ததுபோல, அந்தப் பக்கத்தில் ஆடியின் கீழ்ப்பகுதிக்கும் கொஞ்சம் ஒளி கசிகிறது. அந்த ஒளி அச்சைக் கடந்து எதிர்ப்பக்கம் மேலே ஏறுகிறது. ஜெர்மனி வண்டியில், ஓட்டுநரின் பார்வையில் இடப்பக்கத்து விளிம்பு தாழ்ந்திருக்கும். வெளிச்சம் வலப்பக்கம் 15 டிகிரி சாய்வில் எகிறும். அங்கே வண்டிகள் வலப்புறம் செல்வதால் அந்த வெளிச்சம் நடைபாதையைக் காட்டுகிறது. அதே வெளிச்சம் நம் ஊரில் எதிரே வருபவரின் கண்ணுக்குள் நேராக நுழைகிறது.

எவ்வளவு வெளிச்சம் என்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஆலசன் விளக்கு விதிகளின் சோதனையில், 25 மீட்டர் தள்ளி நிறுத்திய திரையில், எதிர் ஓட்டுநரின் கண்ணைக் குறிக்கும் புள்ளியில் 0.4 லக்ஸுக்கு மேல் ஒளி விழக் கூடாது (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு); தன் பக்கச் சாலையோரத்தில் 75 மீட்டர் தூரத்தைக் குறிக்கும் புள்ளியில் குறைந்தது 12 லக்ஸ் விழ வேண்டும். இரண்டுக்கும் இடையே 30 மடங்கு. விளக்கு பக்கம் மாறியிருந்தால், காக்கப்பட வேண்டிய கண், ஒளி மிகுந்த பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. நம் மத்திய விதிகளின் 106ஆம் விதியும் கண் இருக்கும் இடத்தைத் துல்லியமாகவே சொல்கிறது: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை அந்த ஒளி கூசவைக்கக் கூடாது. வலப்புறம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் சாலையில் எதிரே வருபவர் இருக்கும் பக்கம் அது.

கண் கூசுவது என்பது விழிக்குள் நடக்கும் ஒளிச்சிதறல். விழியின் முன்படலத்திலும் விழிவில்லையிலும் சிதறிய ஒளி விழித்திரை முழுவதும் ஒரு வெண்திரையாகப் படிந்து, மங்கலான பொருள்களை மறைத்துவிடுகிறது. பார்க்கும் திசைக்கும் ஒளி வரும் திசைக்கும் இடையிலான கோணம் பாதியானால் அந்தத் திரை நான்கு மடங்கு அடர்த்தியாகும். அகலமான இருவழிச் சாலையில் 50 மீட்டர் தூரத்தில் வரும் விளக்கு, நம் கண்ணிலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் விலகி இருக்கும். குடமுருட்டிக் கரையிலோ வெண்ணாற்றங்கரையிலோ ஓடும் குறுகிய சாலையில் அந்த விலகல் 2 மீட்டர் ஆகிவிட்டால், அதே விளக்கின் திரை இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியாகும். வயதானவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் சிதறல் இன்னும் அதிகம்.

டெல்டா சாலைகளில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் ஊரில் இடப்பக்க ஓரம்தான் இரவில் கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடம். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயவைத்து, ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் நிற்கும், மாடு படுத்திருக்கும், கைப்பிடிச் சுவர் இல்லாத வாய்க்கால் ஓடும். முகப்பு விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஒளி தாழ்ந்தால், எல்லைக்கோடு 65 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 4 விநாடிக்கும் குறைவான தூரம். அதற்கு அப்பால் இடப்பக்க ஓரத்தைக் காட்ட வேண்டிய ஒளிதான் ஜெர்மனி விளக்கில் வலப்பக்கம் போய்விட்டது. ஒரே தவறு எதிரே வருபவரின் பார்வையையும் பறிக்கிறது, நம் பார்வையையும் பறிக்கிறது.

இரவில் அடிக்கடி விபத்து நடக்கும் வளைவுகளில் முனி நடமாட்டம் இருப்பதாகச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதை நான் குறை சொல்லவில்லை. அது மனத்துக்குத் தெம்பு தருகிறது. ஆனால் ஒரு வளைவில் மனிதர்கள் தொடர்ந்து சாகும்போது, அங்கே இரவில் லக்ஸ் மீட்டரோடு ஒருவரும் போய் நிற்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்கு நிதி தருகிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் பொறியியல் மாணவர்கள் நம் கிராமச் சாலைகளின் விளக்குக் கூச்சத்தை அளக்க முன்வந்தால் அதற்குப் பெரிய தொகை தேவைப்படாது. பெரிய கருவிகளுக்குக் கிடைக்கும் மதிப்பு இத்தகைய எளிய அளவீடுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விளக்கு எந்தப் பக்கத்துக்கானது என்று கண்டறிய ஒரு வெள்ளைச் சுவர் போதும். மாலை இருட்டியதும் சமதளத்தில் சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம்மில் போட்டு, ஒரு விளக்கை மூடிவிட்டு மற்றதன் எல்லைக்கோட்டைப் பாருங்கள். கோடு இடப்பக்கம் ஏறினால் நம் ஊருக்கு ஏற்றது. வலப்பக்கம் ஏறினால் மாற்ற வேண்டும்.

மாற்றும் முறைகளில் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்று. 1971இல் வந்த எச்4 வகைக் குமிழிலும் இதே கிண்ணம்தான் இருக்கிறது: ஒரு விளிம்பு கிடைமட்டம், மறுவிளிம்பு 15 டிகிரி தாழ்வு. குமிழை அப்படியே 15 டிகிரி சுழற்றினால், தாழ்ந்த விளிம்பு கிடைமட்டத்துக்கு ஏறிவிடும். கிடைமட்ட விளிம்பு 15 டிகிரி தாழ்ந்துவிடும். புதிய பாகம் எதுவும் இல்லாமல், வலப்போக்கு விளக்கு (வலப்புறம் செல்லும் போக்குவரத்துக்கானது) இடப்போக்கு விளக்காகிவிடுகிறது. நாடு விட்டு நாடு செல்பவர்களுக்காகச் சில ஐரோப்பிய விளக்குகளில் குமிழ் தாங்கிக்கு இந்த இரண்டு நிலைகளையும் அமைத்தே தந்தார்கள். விளக்கின் முன்கண்ணாடியில் ஒளியைத் திருப்பும் வரிப்பட்டகங்கள் ஒரு பக்கத்துக்கென்றே வார்க்கப்பட்டிருந்தால் மட்டும் இது பலிக்காது. கண்ணாடியையும் மாற்ற வேண்டும்.

அமெரிக்க வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. அங்கே 1940 மாடல் ஆண்டிலிருந்து வந்த 7 அங்குல வட்ட சீல்டு பீம் விளக்கும் (இழை, ஆடி, கண்ணாடி மூன்றும் ஒன்றாக மூடப்பட்டது), நம் அம்பாசடர், ஜீப் ஆகியவற்றின் விளக்கும் ஒரே விட்டம் கொண்டவை. டெல்டாவின் எந்த ஆட்டோமொபைல் கடையிலும் இடப்போக்குக்கான விளக்கு கிடைக்கும். செய்யக் கூடாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் மொத்த வெளிச்சமும் குறையுமே தவிர, வலப்பக்கம் எகிறும் ஒளி இடப்பக்கம் வராது. பழைய ஆடிக்குள் எல்இடி குமிழைப் பொருத்துவது அதைவிடக் கெடுதல். ஒளி மூலம் ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலே எல்லைக்கோடு கலங்கிவிடும் அமைப்பு இது.

பிரேக், டயர், சீட் பெல்ட் ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பீட்டிலில் அக்காலத்தில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சுற்றுதான் இருந்தது; ஓர் இடத்தில் எண்ணெய் கசிந்தால் எல்லாம் போய்விடும், ஆகவே குழாய்களைப் புதிதாக்குங்கள். இடப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவர் முன்னால் போகும் பேருந்தைத் தாண்டி எதிரே பார்க்க முடியாது. முந்திச் செல்ல எண்ணாமல் பின்னாலேயே பொறுமையாகப் போவதுதான் வழி.

வாசகரின் பீட்டிலுக்குத் திரும்பினால், அதன் விளக்கு சாய்ந்த கண்ணாடி கொண்ட தனி வகை என்பதால் அம்பாசடர் விளக்கு பொருந்தாது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வலப்பக்க ஸ்டியரிங் பீட்டில்கள் விற்றதால் இடப்போக்குக் கண்ணாடிகளும் தயாரிக்கப்பட்டன. பழம்பொருள் வணிகர்களிடம் அவற்றைத் தேட வேண்டும். ஐரோப்பிய முத்திரை பெற்ற விளக்கு வாங்கினால், எதிரே நின்று பார்க்கும்போது வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி கண்ணாடியில் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்போக்குக்கான அடையாளம் அதுதான். இரு முனையும் கூரான அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றலாம். அம்பே இல்லையென்றால் வலப்போக்குக்கு உரியது. அந்த ஆண்டு பீட்டிலின் மின்னமைப்பு 6 வோல்ட் என்பதால் குமிழும் 6 வோல்ட்டாகவே இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் மாட்டி, சுவரில் கோட்டைச் சரிபார்த்த பிறகே வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்துங்கள். கழற்றிய ஜெர்மனிக் கண்ணாடிகளைத் துணியில் சுற்றி வைத்திருந்தால், வண்டி கண்காட்சியில் நிற்கும் நாட்களில் மீண்டும் பொருத்திக்கொள்ளலாம்.