மணித்தீவில் ஒரு சட்டம்

"லோயரம்மா, கைப்பையைக் கவிழ்த்தாங்க. மூணு ஆணுறை விழுந்துச்சு. அதுக்கப்புறம் நான் சொன்ன எதையுமே அவங்க கேக்கல."

பினாங்கு நீதிமன்ற வராந்தாவில், பாலியல் தொழில் செய்யும் ஓர் அக்கா சொன்னது இது (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வாடிக்கையாளனாக வந்தவன் அடித்துவிட்டு ஹேண்ட்போனைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். புகார் கொடுக்க பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போனவர், விசாரிக்கப்படுபவராகிவிட்டார். அடித்தவன்மேல் ரிப்போர்ட் எழுதவேயில்லை.

நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தில் உடலை விற்பது குற்றம் என்று நேராக எழுதியிருக்காது. ஆனால் 372பி பிரிவுப்படி அதற்காக ஆள் அழைத்தாலே ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். பாலியல் விடுதி நடத்தினால் 373-ஆம் பிரிவு. முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டம் தனி.

என்னிடம் சேம்பரிங் (வழக்கறிஞர் பயிற்சி) வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். மணித்தீவு என்று ஒரு கற்பனை நாடு. அங்கே இந்தத் தொழிலுக்கு அனுமதி உண்டு. சட்டத்தை நீங்கள் எழுதுங்கள். எல்லாரும் முதலில் எழுதுவது ஒன்றுதான்: பெண்ணுக்குப் படம் ஒட்டிய கார்டு, வாராவாரம் மருத்துவச் சோதனை, ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு தெரு.

"கேம்பல் ஸ்திரீட், சிந்ரா ஸ்திரீட் வரை நடந்துவிட்டு வாருங்கள்" என்பேன். ஒரு காலத்தில் பினாங்கில் இந்த விடுதிகள் இருந்த தெருக்கள் அவை. 1870-இல் நீரிணைக் குடியேற்றங்களில் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) பால்வினை நோயைத் தடுக்கவென்று வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டமும் இதேதான். விடுதிக்குப் பதிவு, பெண்ணுக்குச் சோதனை. வந்துபோன ஆணுக்கு ஒன்றுமில்லை! கிருமி பெண்ணிடம் மட்டும் குடியிருக்குமா என்ன?

நியூசிலாந்து 2003-இல் வேறு வழியில் போனது. 60க்கு 59 என்று ஒரே ஓட்டில் தப்பிய சட்டம். பணம் வாங்கிய பிறகும் "முடியாது" என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு உண்டு. ஆணுறை வாடிக்கையாளனுக்கும் கட்டாயம். முதலாளி இல்லாமல் நான்கு பேர் வரை ஒரே வீட்டில் தொழில் செய்ய உரிமம் தேவையில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் தண்டனை அவருக்கு இல்லை, அவரைப் பயன்படுத்தியவருக்குத்தான். அங்கேயும் ஓர் ஓட்டை: தற்காலிக விசாவில் இருப்பவர் இந்தத் தொழில் செய்யக்கூடாது. அதனால் அடிபட்டாலும் அவர் வாய் திறக்கமாட்டார். மணித்தீவு கோலாலம்பூர் மாதிரி என்றால், அங்கே வெளிநாட்டுக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பிள்ளைகள் எழுதிய தாளில் நான் தேடுவது ஒன்றைத்தான். அடிபட்டவர் பயமில்லாமல் பாலாய்க்குள் நுழைந்து, புகார் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப முடியுமா? அதற்கு வழி இல்லையென்றால் கார்டு வெறும் சங்கிலி.

மணித்தீவு கிடக்கட்டும், இங்கே பிடிபட்டால்? வாக்குமூலம் எடுப்பதற்கு முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் போன் செய்யக் கேளுங்கள். பெண்ணின் உடம்பைப் பெண்தான் சோதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த அக்காவிடம் மணித்தீவுக் கதையைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார்:

"அங்க போனா, என் ஹேண்ட்போனு கிடைக்குமா லோயரம்மா?"