கானமயிலுக்குக் கம்பி ஏன் தெரிவதில்லை?

ஜெய்சல்மேரிலிருந்து வழிகாட்டியோடு ஜீப்பில் பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் போய்வந்த வாசகர் ஒருவர், கம்பியில் தகடுகள் தொங்கும் படம் ஒன்றையும் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: ஒரு மீட்டர் உயரமுள்ள கானமயில் (மயில் அல்ல, ஆங்கிலத்தில் கிரேட் இந்தியன் பஸ்டர்ட் எனப்படும் பெரிய பறவை), மரமே இல்லாத வெட்டவெளியில் போய் மின்கம்பியில் மோதிச் சாகுமா? "கம்பியில் ஓடும் கரண்ட் பறவையை இழுத்துவிடும்" என்று வழிகாட்டி சொன்னாராம். அப்படியெல்லாம் இழுக்காது. இழுத்தால் உங்கள் தெருக் காக்கைகள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்க முடியுமா?

நானும் ஒரு குளிர்காலத்தில் அங்கே போயிருக்கிறேன். 3162 சதுர கிலோமீட்டர் பரப்பு. உள்ளேயே ஊர்களும் ஆட்டு மந்தைகளும் உண்டு. சுதாசரி பக்கம் ஓட்டுநர் ஜீப்பை அணைத்துவிட்டு, "கோடாவண்" என்று மெல்லச் சொன்னார். கானமயிலுக்கு ராஜஸ்தானில் அதுதான் பெயர். தூரத்தில் சேவண் புல்லுக்கு மேலே ஒரு வெள்ளைக் கழுத்து. உச்சியில் கறுப்புத் தொப்பி. குனிந்து எதையோ கொத்தியது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. அந்தக் குனிதலில்தான் விடை இருக்கிறது.

நமக்கு இரண்டு கண்ணும் முகத்தின் முன்னால். ஏறக்குறைய 120 பாகை அகலத்துக்கு இரண்டும் ஒரே காட்சியைப் பார்க்கின்றன. கானமயிலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. பக்கவாட்டில் நரி வந்தால் உடனே தெரியும். முன்னால் இரண்டு பார்வையும் சேரும் இடமோ குறுகிய பட்டை.

அதை எப்படி அளந்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டனைச் சேர்ந்த கிரஹாம் மார்ட்டினும் தென்னாப்பிரிக்காவின் ஜெசிகா ஷாவும் நம் கானமயிலின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்கக் கோரி பஸ்டர்டை அலுங்காமல் பிடித்துவைத்து, கண் டாக்டர் செய்வதுபோல் விளக்கடித்து, எந்தக் கோணம் வரை விழித்திரை பளிச்சிடுகிறது என்று சுற்றிலும் குறித்துக்கொண்டார்கள். பளிச்சிடாத இடம் பறவைக்குத் தெரியாத இடம். 2010இல் முடிவு வெளியானது. முன்பக்கப் பட்டை அதிகபட்சம் 20 பாகை அகலம்தான். தலைக்கு மேலே பெரிய குருட்டுப் பகுதி. உச்சி வெயில் கண்ணில் விழாமல் இருக்க அது உதவக்கூடும். பறக்கும்போது தலையை 25 பாகை கீழே சாய்த்தால் போதும், அந்தக் குருட்டுப் பகுதி நேர் முன்னால் வந்துவிடும். கடிகாரத்தில் 12க்கும் 1க்கும் இடையிலுள்ள சாய்வைவிடக் குறைவு அது!

தொப்பியின் முன்விளிம்பை நெற்றிக்கு இறக்கிவிட்டு, தரையைப் பார்த்தபடி மொட்டை மாடியில் நடந்து பாருங்கள். துணி காயப்போடும் கொடி கழுத்தில் பட்ட பிறகுதான் தெரியும். (நான் நடந்து பார்த்தேன். வீட்டில் சிரித்தார்கள்.) பறவையும் கீழே இரையையோ இறங்க இடத்தையோ தேடும்போது குனிகிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அந்த வானத்தில் மோதிக்கொள்ள எதுவும் இருந்ததில்லை. முன்னால் பார்க்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. கடைசி நொடியில் கம்பி தெரிந்தாலும் 15 கிலோ வரை எடையுள்ள ஆண் பறவை சட்டென்று திரும்ப முடியாது.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் இருந்த பறவை இது. இன்று ஏறக்குறைய 150தான் மிச்சம், பெரும்பாலானவை தார் பாலைவனத்தில். அங்கேதான் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் பெருகி, அவற்றோடு கம்பிகளும் பெருகின. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சு பொரித்தது பெரிய செய்தி ஆனது, சந்தோஷம். ஆனால் பறவையின் கண்ணை அளக்கப் பணம் கேட்டுப் பாருங்கள், "இதனால் என்ன பயன்?" என்பார்கள். பயன் இதுதான்:

வாசகர் அனுப்பிய படத்தில் கம்பியில் தொங்குபவை பறவைகளை எச்சரிக்கும் தகடுகள். தென்னாப்பிரிக்காவின் கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் இத்தகைய அடையாளங்களை மாட்டிப் பெரிய அளவில் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். நீலக் கொக்குகள் மோதிச் சாவது வெகுவாகக் குறைந்தது. பஸ்டர்டுகளுக்குக் குறையவில்லை. குனிந்து பறக்கும் பறவைக்குக் கம்பி எப்படித் தெரியவில்லையோ அப்படித்தான் தகடும். அதனால்தான் கம்பியையே மண்ணுக்குள் புதைக்கச் சொல்கிறார்கள். உச்ச நீதிமன்றமும் 2021இல் அப்படித்தான் உத்தரவிட்டது. செலவும் தொழில்நுட்பச் சிக்கலும் காட்டப்பட்டதால் 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது.